ஆறு நின்ற பொழுது

"புயல் வருதுன்னு தெரிஞ்சா மனசு துள்ளுது, டீச்சர். அது தப்பா?"

கேட்டவர் கோதண்டம். சர்க்கரை ஆலையில் வேதியியலராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். கேட்கப்பட்டவர் சுலைகா. கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர்; கோதண்டத்தின் மூத்த மகளைவிட இளையவர். ஆனால் மழை என்று வந்துவிட்டால் சுலைகா குரு, கோதண்டம் சீடர். முகத்துறையில் யாரும் இதை விநோதமாக எண்ணியதில்லை.

சேலாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது முகத்துறை. புரட்டாசி முடியும் தறுவாயில் அவ்வூரில் சிலரை ஒரு பரபரப்பு பிடித்துக்கொள்ளும். கல்லூரி மொட்டைமாடியில் சுலைகா வைத்திருந்த மழைமானியைச் சுற்றி அவர்கள் கூடுவார்கள். வங்கக் கடலில் எங்கே காற்று சுழல்கிறது, வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களில் எது என்ன சொல்கிறது என்பதே பேச்சு. வீட்டார் கேலி செய்வார்கள். கோதண்டத்தின் மனைவி, "எங்க வீட்டுக்காரருக்கு வானத்தோடதான் குடித்தனம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

எல்லோரும் பேசுவார்கள், இணையத்தில் கணிப்பை எழுதுவது சுலைகா ஒருவரே. அதைக் கடற்கரை நெடுகிலும் படித்தார்கள். படகை இறக்கலாமா என்று மீனவர் பார்த்தனர். உரம் போடலாமா என்று உழவர் பார்த்தனர். நாளைக்கு விடுமுறை உண்டா என்று பிள்ளைகள் பார்த்தனர்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தின் முதல் சுழல் செயற்கைக்கோள் படத்தில் வட்டமாகத் திரண்டு தெரியும் நாளில் ஜிலேபி வாங்குவார்கள். படத்தில் தெரிவதும் ஜிலேபிதானே என்று மருந்துக்கடை ஜெரால்டு என்றோ சொன்ன வேடிக்கை வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு வாங்கும் முறை கோதண்டத்துடையது.

"ஏன் கேக்குறீங்க?" என்றார் சுலைகா.

கோதண்டம் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"மிட்டாய்க் கடையில தவமணி நின்னுட்டு இருந்துச்சு. மேட்டுத்தெருவுல கருவாடு போடுதே, அந்தத் தவமணி. 'என்ன விசேஷம் சார், பேத்தி பொறந்திருக்கா'ன்னு கேட்டுச்சு. புயல் வருதும்மான்னு சொல்ல வாயெடுத்துட்டேன். தொண்டையிலயே நின்னுடுச்சு."

மேட்டுத்தெரு என்பது பெயர்தான். ஆற்றின் தென்கரையில், ஊரிலேயே பள்ளமான இடம் அது. கடல் கூப்பிடு தொலைவு. பெயர் வைத்தவர் நல்ல வேடிக்கைக்காரராக இருந்திருக்க வேண்டும்.

"சும்மா இருங்க சார்," என்றார் ஜெரால்டு. "நாம துள்ளினாலும் அது வரும், அழுதாலும் வரும். ஜிலேபி ஆறிப்போவுது."

சுலைகா ஒன்றை எடுத்து, அவசரப்படாமல் முழுவதும் தின்றார். கையைக் கழுவிக்கொண்டார்.

"பதில் அப்புறம் சொல்றேன். இந்தப் புயலை நீங்க எழுதுங்க."

கோதண்டத்தின் கை பொட்டலத்தின்மேல் அப்படியே நின்றது. பல ஆண்டுகளாக அவர் காத்திருந்த சொல் அது.

*

அன்றும் மறுநாளும் கோதண்டம் கணினியைவிட்டு எழவில்லை.

ஒரு மாடல் புயலை முகத்துறைக்கு வடக்கே கொண்டுபோயிற்று. இன்னொன்று ஊருக்குச் சற்றுத் தெற்கே கரையேற்றிற்று. இரண்டிலும் நியாயம் இருந்தது. அரசு அறிவிப்பும் கடற்கரை முழுவதும் விழிப்பாக இருக்குமாறுதான் சொல்லியிருந்தது.

தெற்குப் பாதையைக் காட்டும் படத்தைத் திறந்தபோதெல்லாம் அவருக்கு மூச்சு வேகமாயிற்று. சுழலின் நடு வட்டம் முகத்துறையை உரசிக்கொண்டு வரும் காட்சி. இத்தனை ஆண்டுகளாகத் தூரத்துப் புயல்களைப் படத்தில் பார்த்தவருக்கு, வாசலுக்கே ஒன்று வருகிறது. எந்தப் படமானாலும் கண் முதலில் சொந்த ஊரைத்தான் தேடுகிறது என்பதை அவர் கவனித்தார். மிட்டாய்க் கடையில் பார்த்த தவமணியின் முகம் நினைவுக்கு வந்தது. காது மடல் சுட்டது.

ஆசை சொல்வதை எழுதக் கூடாது என்று தமக்குத்தாமே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டார். வடக்குப் பாதைக்குக் காரணங்களைத் தேடினார். படித்தவருக்குக் காரணம் கிடைப்பது அரிதன்று. அவருக்கும் கிடைத்தது.

மூன்றாம் நாள் முற்பகலில் எழுதினார்.

'புயல் முகத்துறைக்கு வடக்கே கரையைக் கடக்கும். மழை பலமாக இருக்கும். பிற்பகலுக்குமேல் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும். சேலாறு கரைக்குள் ஓடி வடியும். மேட்டுத்தெருவினர் வெளியேறத் தேவையில்லை.'

எழுதிய பின் மனம் சுத்தமாக இருந்தது. குளித்து எழுந்தது போல.

சிறிது நேரத்தில் தவமணி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், நெசமாத்தானா? போன வருசம் ரெண்டு தரம் மூட்டை கட்டிக்கிட்டுப் போனோம். ஒரு எழவும் வரல. திரும்பி வந்தா அண்டாவைக் காணும். இப்ப இவரு வேற காலை ஒடிச்சிக்கிட்டுக் கெடக்குறாரு, மாவுக்கட்டோட. போவணும்னா இப்பவே சொல்லிடுங்க. தூக்க ஆளு தேடணும்."

"வேண்டாம்மா. தைரியமா இருங்க."

"நீங்க சொன்னா சரி," என்று வைத்துவிட்டாள்.

மதிய உணவுக்குப் பின் சுலைகா அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"படிச்சேன்," என்றார்.

"சரியா இருக்கா, டீச்சர்?"

"தெளிவா இருக்கு."

"சரியா இருக்கான்னு கேட்டேன்."

"அதைக் காத்துதான் சொல்லணும். மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு வாங்க."

காரின் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. நீலம் வெளுத்து, ஒரு கைப்பிடி கீறி, கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

ஒவ்வொரு புயலின்போதும் சுலைகா எங்கோ காணாமல் போவார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும்போது தலை முதல் கால்வரை நனைந்திருப்பார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா உக்காந்திருந்தேன்" என்பார்.

"மழை பாக்கப் போறீங்கன்னு நெனச்சோம்," என்றார் கோதண்டம், நாற்காலியைத் திரும்பிப் பார்த்தபடி.

"மழைதான் பாத்தேன்."

"எங்கேருந்து?"

"எந்த ஊருக்கு எழுதுனேனோ, அந்த ஊர்ல பள்ளமான வீட்டு வாசல்லேருந்து. இந்தத் தரம் எழுதுனது நீங்க."



பாலத்தைக் கடந்ததும் தென்கரை ஓரமாகக் கல்லூரி வேன் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஜெரால்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார், கையை ஆட்டினார்.

"வேன் எதுக்கு, டீச்சர்?"

சுலைகாவுக்குக் காது கேட்கவில்லை போலும். மழை அத்தனை இரைச்சலாக இருந்தது.

*

மேட்டுத்தெருவின் கடைசி வீடு தவமணியுடையது. வாசலிலிருந்து சில எட்டில் ஆற்றங்கரை. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் கணவன் அய்யாதுரை, சுருட்டிய வலையின்மேல் மாவுக்கட்டுக் காலை வைத்துப் படுத்திருந்தான்.

"யாரு, மழைக்காரரா?" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தான். "ஒண்ணும் வராதுன்னு எழுதிப்புட்டு, ஊருக்குப் பயந்து இங்க ஒளிய வந்துட்டீங்களா?"

"சும்மா கெடங்க," என்றாள் தவமணி.

"எழுந்து ஓடவா போறேன்? சும்மாதான் கெடக்குறேன்."

சுலைகா நாற்காலியைக் கரையோரமாக, ஆற்றைப் பார்த்துப் போட்டார். கோதண்டம் உட்கார்ந்தார். நேரெதிரே வடக்கு, அங்கிருந்து வாடைக்காற்று அவர் முகத்தில் அறைந்தது. இடப்பக்கம் ஊர் நிலம். வலப்பக்கம் கடல்.

"உங்க கணிப்பு சரின்னா, இனிமே காத்து எந்தக் கன்னத்துக்குப் போகணும்?"

"இடது கன்னத்துக்கு. புயல் வடக்கே போனா, காத்து தரையிலேருந்து கடலுக்கு அடிக்கும். ஆத்துத் தண்ணியைக் கடல் வாங்கிக்கும்."

"வலது கன்னத்துக்கு வந்தா?"

"வராது, டீச்சர்."

"வந்தான்னு கேட்டேன்."

"வந்தா, புயல் தெக்கே போவுதுன்னு அர்த்தம். காத்து கடலை இந்தப் பக்கம் தள்ளும். கடல் வாங்காது."

"சரி. ஆத்தைப் பாத்து உக்காருங்க."

அவர் உட்கார்ந்திருந்தார்.

மழை அவர் எழுதியபடியே பெய்தது. முதலில் சரம் சரமாக இறங்கிற்று. பிறகு சரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வானத்துக்கும் தரைக்கும் இடையே நீரைத்தவிர வேறொன்றும் இல்லாமல் போயிற்று. எதிர்க்கரைத் தென்னைகள் ஒவ்வொன்றாக அழிந்தன. ஆறு காவி நிறத்தில், கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே, இடமிருந்து வலமாகக் கடலை நோக்கி உறுமிக்கொண்டு ஓடியது. ஆகாயத்தாமரைத் திட்டுகள் ஓடும் ரயில் போல அவரைக் கடந்தன. ஒரு முழு வாழை மரம் குலையோடு போயிற்று.

கோதண்டத்தின் மனம் துள்ளிற்று. வெட்கத்தை மறந்து துள்ளிற்று. காணொளியிலோ படத்திலோ ஒருநாளும் காணாத பேருரு அவர் காலடியிலிருந்து தொடங்கி வானம்வரை நின்றது. தாம் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருப்பதை, வாய்க்குள் மழை நிறைந்தபோதுதான் உணர்ந்தார்.

தவமணி தலையில் ஒரு முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு, பால் கலக்காத கட்டங்காபி கொண்டுவந்தாள்.

"குடிச்சிடுங்க சார். வச்சிருந்தா மழை வந்து ரொப்பிப்புடும், அப்புறம் தீரவே தீராது."

அவர் டம்ளரை வாங்கியபோது வலக் காதுக்குள் நீர் அடித்தது.

சுழற்காற்று, இப்படி ஒரு வீச்சு வருவது இயல்புதான் என்று எண்ணினார். காபியைக் குடித்தார். காற்று மீண்டும் முகத்துக்கு வந்தது. நிம்மதியாக இருந்தது. பின்பு வலக் காது மறுபடி நனைந்தது. மறுபடி முகம். மறுபடி காது. ஒவ்வொரு தரமும் காதில் தங்கும் நேரம் கூடிற்று.

பொழுது அப்படிப் போயிற்று. ஒரு கட்டத்தில் காற்று முகத்திலேயே நிலைத்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று கோதண்டம் மூச்சுவிட்டார்.

பக்கத்தில் நின்ற சுலைகா சொன்னார்: "தலையைத் திருப்பாதீங்க."

"என்ன, டீச்சர்?"

"ஆத்தைப் பாக்கச் சொன்னேன். நீங்க கடலைப் பாத்துட்டு இருக்கீங்க."

உண்மைதான். காற்று நேராக முகத்தில் படும்படி, கொஞ்சம் கொஞ்சமாக, தாம் அறியாமலே கழுத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார் அவர்.

தலையை நேராக்கினார். வலது கன்னத்தில் மழை ஊசியாக இறங்கிற்று. நாக்கால் உதட்டைத் தடவினார். உப்புக் கரித்தது.

அப்போது ஆற்றின் உறுமல் தேய்ந்தது.

இத்தனை நேரம் ஓடிய ஆகாயத்தாமரைகள் நடக்கத் தொடங்கின. பிறகு தயங்கின. அவருக்கு நேரெதிரே வந்த ஒரு திட்டு, ஊதாப் பூவோடு, நட்டது போல நின்றது. அதன் பின்னால் வந்தவையும் நின்றன. மலையிலிருந்து கிளம்பி, அணைகளைத் தாண்டி, இத்தனை ஊர்களின் மழையைச் சுமந்து வந்த ஆறு, கடல்வாயில் நின்றுவிட்டது. மழை மட்டும் அதன்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. நின்ற ஆறு, நின்ற இடத்திலேயே உயரத் தொடங்கிற்று.

கோதண்டம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"புயலை வடக்கே அனுப்புனது யாரு?" என்று சுலைகா கேட்டார். குரலில் கடுமை இல்லை. "காத்தா, நீங்களா?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"அது இங்க வரணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு, டீச்சர். வெக்கமாப் போச்சு. அதனால அந்தாண்ட தள்ளிவிட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? அவங்ககிட்ட சொல்லுங்க."

*

கோதண்டம் வீட்டுக்குள் போனார்.

"தவமணி, கிளம்பணும். புயல் தெக்கே வருது. நான் தப்பா எழுதிட்டேன்."

அய்யாதுரை முழங்கையை ஊன்றி எழுந்தான். "காலையில தைரியமா இருக்கச் சொன்னீங்களாமே?"

"சொன்னேன். தப்பு."

"தப்பா? கால் இருக்கறவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்றீங்களே!"

கோதண்டம் வெளியே போய், தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்து வந்து கட்டிலருகே போட்டார். பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவனைத் தவமணி கூப்பிட்டாள். இருவருமாக அய்யாதுரையை நாற்காலியில் ஏற்றித் தூக்கினார்கள். இடப்பக்கம் கோதண்டம்.

"பல்லக்குல போறேன்டி," என்று அய்யாதுரை மனைவியைப் பார்த்துச் சொன்னான். தெருவுக்கு வந்து தண்ணீரைக் கண்டதும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "ஐயா, பாத்துத் தூக்குங்க. உருப்படியா ஒரு கால்தான் பாக்கி," என்றான்.

அவனை வேனில் இறக்கிவிட்டுக் கோதண்டம் திரும்பினார். சுலைகா தெருவின் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டார், அவர் மற்றொன்றை. ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

"நான் கோதண்டம். போக வேண்டாம்னு எழுதுனவன். தப்பா எழுதிட்டேன். வண்டி பாலத்தடியில நிக்குது. கிளம்புங்க."

இதையே சொன்னார். ஒரு வீட்டிலும் சொல்லைக் குறைக்கவில்லை.

சிலர் உடனே கிளம்பினார்கள். ஒருத்தி கதவை முழுக்கத் திறக்காமலே கேட்டாள்: "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா? உங்க வானத்துக்கு எத்தனை நாக்கு சார்?"

"வெளியே வந்து ஆத்தை மட்டும் பாருங்கம்மா. அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆகாயத்தாமரைகள் இப்போது வலமிருந்து இடமாக, வந்த வழியே மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவள் சிறிது நேரம் பார்த்தாள். உள்ளே போய்ப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

வேன் பாலத்தின் வழியே இரு கரைகளுக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தது. கடைசி ஆளை ஏற்றியபோது தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஈயத்தின் நிறத்தில் ஒரு வெளிச்சம்.

பாலத்தின் நடுவில் ஜெரால்டு வண்டியை நிறுத்தினார். நிறுத்தச் சொன்னவர் யாருமில்லை. எல்லோரும் இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார்கள்.

கடல் ஆற்றுக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது.

அலைமேல் அலையாக, நுரையை முதுகில் சுமந்துகொண்டு, தனக்குத் தெரிந்த வழிபோல நேராக வந்தது. அதன்முன் ஆறு பின்வாங்கிற்று. கட்டறுந்த படகுகள் ஆளில்லாமல் மேற்கே போயின. மேட்டுத்தெருவில் கூரைகள் தெரிந்தன, வாசல்கள் தெரியவில்லை. சற்றுமுன் நாற்காலி இருந்த இடம் எது என்று கோதண்டம் தேடினார். அங்கே கடல் இருந்தது.

யாரும் அழவில்லை. ஆடுகூடக் கத்தவில்லை. எதையும் படம்பிடிக்காமல் விடாத ஜெரால்டின் தொலைபேசி சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

கோதண்டத்துக்குப் பயமாக இருந்தது. மனம் துள்ளிற்று. இரண்டையும் நிறுத்த அவரால் ஆகவில்லை.

"டீச்சர், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"பின்ன வேன் எதுக்கு?"

"தெரியாதுங்கறதுக்குத்தான்."

*

அன்று இரவு, தங்கவைத்த பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சாம்பார் சோறு போட்டார்கள். தவமணியின் எதிரே வந்து உட்காரக் கோதண்டத்துக்குக் கூச்சமாக இருந்தது. அவளே கூப்பிட்டாள்.

"வீடு போயிடுச்சு சார். மண்சுவருதானே, நின்னிருக்காது." சோற்றைப் பிசைந்தாள். "அன்னிக்கு ஜிலேபி வாங்குனீங்களே. என்ன விசேஷம்னு கேட்டேன். சொல்லவே இல்லையே?"

அவர் சோற்றை வைத்துவிட்டார்.

"புயல் பொறந்திருந்துச்சும்மா. அதுக்குத்தான் வாங்கினோம்."

தவமணி அவர் முகத்தையே பார்த்தாள். கூடத்தின் மறுபக்கத்தில் ஒரு பிள்ளை அழுதது. சுவரில் சாய்ந்திருந்த அய்யாதுரையும் திரும்பிப் பார்த்தான்.

"பாலத்துல நிக்கையில," என்றாள் அவள் கடைசியில், "என் வீடு அதுல போவுதுன்னு தெரியுது. அப்பவும் கண்ணை எடுக்க முடியல சார். அப்படி வந்துச்சு பாருங்க, யம்மா!" பிறகு தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "தின்னுங்க. ஆறிப்போவுது."

*

காலையில் வானம் வெளுத்திருந்தது. வழக்கமான நேரத்தில் மழைமானியைப் பார்க்க மூவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள்.

மானி நிரம்பி வழிந்திருந்தது. இடையில் வந்து அளந்து கொட்ட ஆளில்லை; கொட்ட வேண்டிய ஜெரால்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தார் ஜெரால்டு. "இந்த ஊர்ல இதுவரைக்கும் பெய்யாத மழை. அளவு இல்லாமப் போச்சே! என்னன்னு எழுதறது, டீச்சர்?"

"மானி கொள்ளலைன்னு எழுதுங்க," என்றார் சுலைகா.

அவர் மானியைக் கவிழ்த்து, துடைத்து, மீண்டும் மட்டம் பார்த்து வைத்தார். கோதண்டம் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். கடல் பழையபடி தன் இடத்தில் கிடந்தது. ஆறு ஒன்றும் நடவாதது போல அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல."

"எதுக்கு?"

"மனசு துள்ளுறது தப்பான்னு கேட்டேனே. நேத்து அத்தனைக்கும் அப்புறமும் அது போகல. பாலத்துல நின்னப்பவும் இருந்துச்சு. இப்ப சொல்றப்பவும் இருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "இனிமே நான் எழுத வேண்டாம்."

சுலைகா கிழக்கே பார்த்தார்.

"அந்தமான் பக்கம் மேகம் மறுபடி கூடுது. வாரக் கடைசியில சுழி விழும்."

"யார் எழுதப் போறாங்க?"

"நீங்கதான்."

கோதண்டம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுலைகா படியிறங்கத் தொடங்கிவிட்டார். இரண்டு படி இறங்கி, நினைவு வந்தவர் போல நின்றார்.

"ஜிலேபி கொஞ்சம் கூடவே வாங்குங்க. பள்ளிக்கூடத்துல தவமணி இருக்கு."

"நாற்காலி வேன்லயே கிடக்கு, டீச்சர். சேறா இருக்கு. கழுவி உங்க கார்ல வச்சிடட்டுமா?"

"கழுவுங்க," என்றார் சுலைகா. "உங்க வீட்டுல வச்சிக்கங்க."